உப்பு எந்த எழுத்தில் இருக்கிறது?

(ரங்கூன் நகரின் நடுவில், மின்தூக்கி இல்லாத பழைய கட்டடம் ஒன்றின் ஐந்தாம் மாடி. ஜூலை மாதத்து மழை சன்னலில் அறைந்துகொண்டிருக்கிறது. கணக்கராக இருந்து ஓய்வுபெற்ற காசிநாதன், மனைவி மகள் வீட்டுக்குப் போயிருக்கும் தைரியத்தில் சமையலறையைத் தலைகீழாக மாற்றிவைத்திருக்கிறார். பர்மாவின் தென்கிழக்கு நகரமான மோல்மீனிலிருந்து வந்திறங்கிய அக்கா வள்ளியம்மை, இடுப்பில் ஊறுகாய் ஜாடியோடு வாசலில் நிற்கிறார்.)

அக்கா: இது சமையலறையா, சித்த வைத்தியசாலையா, காசி? தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி பாட்டில்களாக அல்லவா நிற்கின்றன!

காசி: காப்பித்தூள் பாட்டில், ஜாம் பாட்டில், ஹார்லிக்ஸ் பாட்டில் என்று வீட்டுக்கு வந்த எதையும் பழைய சாமான்காரனுக்குப் போடாமல் சேர்த்து, வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, பிசுக்குப் போகாத இடத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்து அடுக்கியிருக்கிறேன், அக்கா. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று திறக்காமலே தெரியும். மஞ்சள் கறையும் பெருங்காய வாசனையும் கண்ணாடியில் ஏறா. எலி கடித்து ஓட்டை போடவும் முடியாது.

அக்கா: நியாயம்தான். சமையலைத் தொடங்குகிறேன், முதலில் உப்பை எடுத்துக் கொடு.

காசி: நீங்களே எடுக்கலாம். அதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. எல்லாம் அகரவரிசையில் இருக்கின்றன: அரிசி, அவல், உளுந்து, எள், ஏலக்காய்...

அக்கா: 'உ'வில் உளுந்து மட்டும்தானே இருக்கிறது?

காசி: நாம் வாங்குவது கல்லுப்பு அல்லவா? ஆகவே அது 'க' வரிசையில், கடுகுக்குப் பின்னால், கற்பூரத்துக்கு முன்னால் இருக்கும்.

அக்கா: கல்லுப்புக்கு அடுத்து கற்பூரமா! இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே அளவு பாட்டில். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்பதை உன் அகரவரிசை சொல்லித் தரவில்லையா?

காசி: நேற்று வைத்த ரசம் கொஞ்சம் தெய்வீகமாக மணந்தது உண்மைதான். ஆனால் வாயில் வைப்பதற்கு முன்பே மூக்கு தடுத்துவிட்டது, சட்டியோடு கொட்டிவிட்டேன்.

அக்கா: பூசைச் சாமான் பூசையறைக்குப் போகட்டும். சீனியை எங்கே வைத்திருக்கிறாய், 'சீ'யிலா, 'ச'விலா?

காசி: நான் சீனி என்கிறேன், உங்கள் நாத்தனார்... மன்னியுங்கள், என் மனைவி, சர்க்கரை என்கிறாள். சண்டை வேண்டாம் என்று பாதியை 'ச'விலும் பாதியை 'சீ'யிலும் வைத்தேன். ஆனால் மகளுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது, ஆகவே அவள் போன முறை வந்தபோது மூடிகளின் மேலே பர்மிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனாள். பிறகு நான் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் காயவைத்தபோது மூடிகள் மாறிவிட்டன. இப்போது வயிற்றுப் பகுதி தமிழில் உளுந்து என்கிறது, தலைப் பகுதி பர்மிய மொழியில் சர்க்கரை என்கிறது.

அக்கா: அப்படியானால் இது என்ன, செங்கல் பொடியா?

காசி: மிளகாய்த்தூள். அழகாகத் தெரியட்டும் என்று சன்னலோரம் வைத்தேன்.

அக்கா: வெளிச்சம் பட்டால் மிளகாயும் மஞ்சளும் நிறம் வெளுத்து, மணமும் போய்விடும். கண்ணாடிக்குள் நமக்கு எல்லாம் தெரிகிறது என்றால், வெயிலுக்கும் அதே வழி திறந்திருக்கிறது என்றுதானே பொருள்? மசாலாவை இருட்டான அலமாரிக்குள் தள்ளு. அது சரி, அரிசி பாட்டிலுக்குள் ஏதோ ஊர்கிறதே!

காசி: இருக்கவே முடியாது. காற்றுப் புகாத மூடி, அக்கா!

அக்கா: வண்டு வெளியிலிருந்து கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை, தம்பி. அதன் முட்டை அரிசியோடு மூட்டையிலேயே வருகிறது. நீ அதற்குக் காவலோடு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாய். பாட்டிலில் கொட்டுவதற்கு முன்னால் நாலைந்து நாள் உறைபெட்டியில் வைத்திருந்தால் முட்டையும் அழிந்திருக்கும். வெளியே எடுத்த பிறகு பையைப் பிரிக்காமலே சூடு தணிய, அதாவது குளிர் தணிய விடவேண்டும். இல்லாவிட்டால் அரிசிமேல் நீர் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் ஈரத்தை உள்ளே வைத்து மூடினால், அந்த மூடி ஈரத்துக்குத்தான் காவல்.

காசி: (சற்றே மானம் போனவராக) கண்ணாடி ஜாடியைக் குறைத்துப் பேசாதீர்கள். திருகு மூடி போடும் கண்ணாடி ஜாடிக்கு ஜான் மேசன் என்ற அமெரிக்கர் 1858இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அது குடும்ப வாழ்க்கையையே மாற்றிய கண்டுபிடிப்பு.

அக்கா: எங்கள் மோல்மீனுக்கு எதிர்க்கரையில் மொட்டமா இருக்கிறதே, பழைய மார்த்தபான், அந்த ஊர்ப் பெயரால் அழைக்கப்பட்ட ஜாடிகள் அதற்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே கடல் கடந்து போயின. இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் உப்பிட்டு நிரப்பிய நான்கு பெரிய மார்த்தபான் ஜாடிகளைப் தன் பயணத்துக்குக் கொடுத்தார்கள் என்று மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா 14ஆம் நூற்றாண்டில் சொல்லிவைத்திருக்கிறார். அவற்றை எந்த எழுத்தில் அடுக்கினார் என்று அவர் சொல்லவில்லை.

காசி: உங்கள் ஊறுகாயையும் கொடுங்கள், பாட்டிலுக்கு மாற்றி 'ஊ'வில் வைத்துவிடுகிறேன். அந்த வரிசை காலியாகவே இருக்கிறது.

அக்கா: தகர மூடியா? உப்பும் புளிப்பும் சேர்ந்து அதை அரித்துத் துருவை ஊறுகாயில் உதிர்க்கும். பிளாஸ்டிக் மூடி போட்டது ஏதாவது உண்டா?

காசி: ஒன்றே ஒன்று உண்டு. ஙாப்பி இருந்த பாட்டில்.

அக்கா: அந்த மீன் விழுது இருந்த பாட்டிலிலா என் மாங்காயைப் போடச் சொல்கிறாய்?

காசி: கண்ணாடியில் வாசனை துளியும் இல்லை, மூடிக்குள் இருக்கும் வளையத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலும், 'ங' வரிசையில் வைப்பதற்கு எனக்கு உலகத்தில் கிடைத்த ஒரே பொருள் அது. அதை எடுத்துவிட்டால் அரிச்சுவடியே குறைப்பட்டுப் போகும், அக்கா.

(மின்சாரம் போகிறது. சமையலறை இருள்கிறது.)

அக்கா: அரிச்சுவடி இருக்கட்டும், கரியடுப்பையாவது மூட்டுவோம். தீப்பெட்டி எங்கே?

காசி: மழைக்கு நமத்துப் போகாமல் பாட்டிலில் போட்டு, 'தீ' வரிசையில் வைத்திருக்கிறேன், ஆனால் இருட்டில் எழுத்து தெரியவில்லை. கைப்பேசியிலும் சார்ஜ் இல்லை.

அக்கா: நகர்ந்துகொள். (ஒவ்வொரு பாட்டிலாகக் காதருகே வைத்துக் குலுக்குகிறார்.) சலசலவென்கிறது, கடுகு. கடகடவென்கிறது, கொண்டைக்கடலை. இது சத்தமே இல்லை, புளியாக இருக்கும். இதோ, பெட்டி இடிக்கிற சத்தம். இந்தா, திற.

காசி: (முக்கி முனகி) திருகவே மாட்டேன் என்கிறது. காற்றுப் புகாத மூடி என்று சொன்னேன் அல்லவா?

அக்கா: மூடியை மட்டும் வெந்நீரில் பிடித்தால் தகரம் கண்ணாடியைவிட அதிகமாக விரிந்து இளகிவிடும்.

காசி: வெந்நீருக்கு அடுப்பு வேண்டும்; அடுப்புக்குத் தீப்பெட்டி வேண்டும்; தீப்பெட்டி இதற்குள்ளே இருக்கிறது.

அக்கா: மாடிக்கயிற்றைக் கீழே விடு. தேநீர்க் கடைக்காரரிடம் ஒரு தீப்பெட்டி கேள்.

(காசிநாதன் மாடிமுகப்பிலிருந்து மணி கட்டிய கயிற்றை இறக்கி, மழையில் கத்துகிறார். சிறிது நேரத்தில் கயிற்று நுனியில், கொதிக்கக் கொதிக்கத் தேநீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை ஏறி வருகிறது.)

அக்கா: என்னதான் கேட்டாய்?

காசி: தீ என்றுதான் கத்தினேன். மழைச் சத்தத்தில் அவர் டீ என்று எடுத்துக்கொண்டார் போலும். பரவாயில்லை, இதுவும் சூடுதானே? (தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, பாட்டிலைத் தலைகீழாக அதில் நிறுத்துகிறார்.)

அக்கா: மூடி இளகியதும் நிமிர்த்திவிட்டுத் திற, காசி. தலைகீழாகவே திருகிவிடாதே. காசி!

காசி: திறந்துவிட்டது, அக்கா! நான் சொன்னேன் பாருங்கள், எவ்வளவு நேர்த்தியாக...

அக்கா: தீப்பெட்டி எங்கே?

காசி: தேநீருக்குள் இருக்கிறது.

அக்கா: சர்க்கரையாவது போட்டிருக்கிறார்களா என்று பார்.

காசி: அதைச் சுவைத்துப் பார்ப்பதற்கு முன் ஒன்று கேட்கிறேன், அக்கா: இதைத் 'தீ'யிலேயே வைப்பதா, 'ஈ'யில் ஈரத் தீப்பெட்டி என்று வைப்பதா? 'ஈ' வரிசையும் காலியாகத்தான் இருக்கிறது.