முடியைக் கொடுக்கும் முன், எந்த உலோகத்துக்கு என்று கேளுங்கள்

குழந்தையின் முடியைக் கவரில் போட்டு அனுப்பினால் உடம்பில் உள்ள உலோகங்களை எல்லாம் பட்டியல் போட்டுத் தருகிறோம் என்று சில ஆய்வகங்கள் விற்கும் சோதனையைப் பெற்றோர் வாங்கக் கூடாது. முடி ஆய்வே பொய் என்பதால் இதைச் சொல்லவில்லை. எதற்கு முடி சாட்சி சொல்லும், எதற்குச் சொல்லாது என்பதை இந்த விற்பனை மறைக்கிறது.

மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசத்துக்கு முடி அருமையான சாட்சி. மீன் வழியாக இரத்தத்தில் சேரும் பாதரசம், வேரில் முடி உருவாகும்போதே முடியின் புரதமான கெரட்டினில் உள்ள கந்தகத்தோடு பிணைந்துவிடும். இரத்தத்தில் இருப்பதைவிடச் சுமார் 250 மடங்கு அதிகமாக முடியில் சேரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்வதால், தோலை ஒட்டிய 3 செ.மீ. துண்டில் கடந்த மூன்று மாதக் கணக்கு இருக்கும். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளில் 1986–87இல் பிறந்த குழந்தைகளிடம் பாதரசத்தின் பாதிப்பைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, தாயின் முடியையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் நம்பித்தான் நடந்தது. ஒரு கிராம் முடிக்கு 1 மைக்ரோகிராம் பாதரசம் என்பது பரவலாக வழங்கும் எச்சரிக்கை அளவு.

ஈயத்துக்கு இதே நம்பிக்கை வைக்க முடியாது. தெருப்புழுதி, பழைய பெயின்ட் தூள், வியர்வை, சாயம் எல்லாம் வெளியிலிருந்து முடியில் ஏறும். ஆய்வகத்தில் அசிட்டோன், தண்ணீர், மறுபடி அசிட்டோன் என்று கழுவினாலும் வெளியிலிருந்து வந்ததை மட்டும் பிரித்து நீக்க முடியாது. மென்மையாகக் கழுவினால் அழுக்கு தங்கும், கடுமையாகக் கழுவினால் உள்ளே இருந்ததும் கரைந்து போகும். ஆர்சனிக் கலந்த நீரில் தலை குளித்தாலே முடியில் ஆர்சனிக் ஏறும். செலீனியம் சல்ஃபைடு உள்ள பொடுகு ஷாம்பு செலீனியக் கணக்கைக் கெடுக்கும்.

முடி எடுக்கும் முறையிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். பிடரிக்குச் சற்று மேலே, பின்மண்டையில், துருப்பிடிக்காத எஃகுக் கத்தரிக்கோலால் தோலை ஒட்டி வெட்ட வேண்டும். பென்சில் கனம் இருந்தால் போதும். வேர்ப்பக்கம் எது என்று நூலால் கட்டிக் குறிக்காவிட்டால் மாதக் கணக்கே போச்சு. முடி குட்டையாக இருந்தால் பின்மண்டையிலேயே நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். சாயம் போட்டதையும் பெர்ம் செய்ததையும் ஒதுக்குங்கள். உலர்ந்த காகித உறையில் வையுங்கள்.

உலோக அளவு முன்பே தெரிந்த, சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டு முடி மாதிரியை உங்கள் மாதிரியோடு சேர்த்துச் சோதித்தார்களா என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அறிக்கையை நம்பாதீர்கள். 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே ஆளின் முடியைப் பிரித்து ஆறு வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். 12 தனிமங்களில் மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு!

இப்படிப்பட்ட அறிக்கையைக் காட்டி "உலோகத்தை இறக்குகிறோம்" என்று, உலோகத்தைப் பிணைத்து உடம்பிலிருந்து வெளியேற்றும் கீலேஷன் மருந்து ஏற்றுவதுதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது. 2003–2005க்குள் அமெரிக்காவில் கீலேஷனின்போது இரத்தத்தில் கால்சியம் சரிந்து மூவர் இறந்தனர். அவர்களில் இருவர் குழந்தைகள். முடி அறிக்கை ஒன்றை மட்டும் வைத்து எந்தக் குழந்தைக்கும் இந்த மருந்தைக் கொடுக்க விடாதீர்கள்.

ஈயம் பற்றிக் கவலை என்றால் சிரையிலிருந்து எடுத்த இரத்தம்தான் சோதனை. விரல் நுனியில் குத்தி எடுத்ததில் கூடுதலாக வந்தால், கையில் ஒட்டிய தூசி கலந்திருக்கலாம். சிரை இரத்தத்தில் மறுபடி பாருங்கள். ஆர்சனிக் என்றால் சிறுநீரையும் குடிநீரையும் சோதியுங்கள். சிறுநீர் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே கடலுணவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் மீனில் இருக்கும் தீங்கற்ற ஆர்சனிக்கும் கணக்கில் ஏறிவிடும்.