கணக்குப் போட்டு வாசிக்க வேண்டிய நாவல்கள்

அறிவியல் நாவல்களைப் பற்றிய வாசிப்புப் பதிவுகளில் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புகள்தான் கண்ணில் படுகின்றன. ஒன்று, "கற்பனை அபாரம்". மற்றொன்று, "அறிவியல் அதிகம், பாதியில் மூடி வைத்துவிட்டேன்". இரண்டிலுமே அறிவியல் வேறு, கதை வேறு என்ற எண்ணம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த வகை நாவலில் கதை பிறப்பதே கணக்கிலிருந்துதான். எவ்வளவு எரிபொருள், எவ்வளவு காற்று, எத்தனை ஆண்டு என்ற கேள்விகளை ஆசிரியர் விடாமல் துரத்தும் இடத்தில்தான் பாத்திரங்களுக்கு மெய்யான நெருக்கடி வருகிறது. அண்மையில் வாசித்த நான்கு நாவல்களை வைத்து இதைச் சொல்கிறேன். சில திருப்பங்கள் வெளிப்படும், இன்னும் வாசிக்காதவர்கள் கவனிக்கவும்.

முதலில் ஆண்டி வியர் எழுதிய 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021). சூரியனின் ஆற்றலைத் தின்னும் ஆஸ்ட்ரோஃபேஜ் என்ற நுண்ணுயிர், அதற்கு மாற்றுத் தேடி டௌ செட்டி விண்மீனுக்குப் போகும் ஒரு கப்பல். தூரம் 11.9 ஒளியாண்டு. புவியீர்ப்பைப்போல ஒன்றரை மடங்கு முடுக்கத்தில் பாதி வழி வேகமெடுத்து, மீதிப் பாதியில் அதே அளவு வேகம் குறைத்துப் போய்ச் சேர்கிறது. பூமியில் 13 ஆண்டு கழியும்போது கப்பலுக்குள் ஏறத்தாழ 4 ஆண்டுதான் ஆகிறது என்கிறது நாவல். கால்குலேட்டர் இருந்தால் நீங்களே சரிபார்க்கலாம். பாதித் தூரம் 5.95 ஒளியாண்டு. ஒளியாண்டு, ஆண்டு அலகுகளில் புவியீர்ப்பு முடுக்கம் 1.03, ஒன்றரை மடங்கு என்றால் 1.55. இரண்டையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 10.2. நடுவழியில் கப்பலின் நேரம் அத்தனை மடங்கு மெதுவாகிறது, அப்போது வேகம் ஒளியில் 99.5 விழுக்காடு. இந்த 10.2-இன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்து, அதை 10.2-உடன் கூட்டுங்கள், 20.4 வரும். அதன் இயல் மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்) 3.01. அதை 1.55-ஆல் வகுத்தால் பாதி வழிக்கு 1.95 ஆண்டு, முழு வழிக்கு 3.9 ஆண்டு. பூமிக் கணக்கு 13.1 ஆண்டு. நாவல் சொல்வதும் இதுதான்.

ஆனால் எரிபொருள் கணக்கு இடிக்கிறது. ஆஸ்ட்ரோஃபேஜ் தன் நிறை முழுவதையும் ஒளியாக்கி உமிழ்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதைவிடச் சிறந்த ராக்கெட் இயற்பியலில் கிடையாது. அப்படிப்பட்ட ராக்கெட்டுக்கும் வேகமெடுக்க மட்டும் தொடக்க நிறை இறுதி நிறையைப்போல 20.4 மடங்கு இருக்க வேண்டும். நின்று சேர இன்னொரு 20.4. இரண்டையும் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது. வேகம் குறைக்கத் தேவையான எரிபொருளையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதானே முதல் பாதியைக் கடக்கிறோம்? விடை சுமார் 415. நாவலில் ஏற்றப்படும் எரிபொருள் இருபது லட்சம் கிலோ. இந்த 415 பங்கில் கப்பலின் ஒரு பங்கு போக எரிபொருள் 414 பங்கு, ஆகவே 414-ஆல் வகுத்தால் கப்பலுக்கும் ஆய்வகத்துக்கும் உணவுக்கும் ஆட்களுக்கும் சேர்த்து ஐந்து டன்கூட மிஞ்சாது.

இதனால் நாவல் தாழ்ந்துவிட்டதா என்றால் இல்லை என்பேன். இதே புத்தகத்தில், வேகம் கூடினால் நேரம் மெதுவாகும் என்னும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கையே அறியாத ஒரு வேற்றுலக இனம் வருகிறது. அவர்கள் பழைய இயக்கவியலை நம்பிக் கணக்குப் போட்டதால் வேண்டியதைவிட மிக அதிகமாக எரிபொருள் ஏற்றிவந்துவிடுகிறார்கள். ஓர் இனத்தின் அறியாமை இன்னோர் இனத்தின் உயிர்ப் பிடிமானமாகிறது. அறிவியலே கதைத் திருப்பமாவது என்றால் இதுதான். செயற்கை ஈர்ப்புக்காகக் கப்பல் இரண்டாகப் பிரிந்து கேபிள்களில் நீண்டு சுழல்வதும் அழகுக்காக வைத்ததல்ல. நிமிடத்துக்கு 2 சுற்று என்ற வேகத்தில் முழுப் புவியீர்ப்பு வேண்டுமானால் ஆரம் 224 மீட்டர் ஆக வேண்டும். 4 சுற்றென்றால் 56 மீட்டர். ஆரம் குறையக் குறையச் சுழற்சி கூடுகிறது, தலையைத் திருப்பினாலே கிறுகிறுக்கும், காலில் உணரும் எடை தலையில் இருக்காது. சின்னக் கப்பலை நீட்டுவதைத் தவிர வழியில்லை.

அதே ஆசிரியரின் 'தி மார்ஷியன்' பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன். கதையைத் தொடங்கிவைக்கும் மணிக்கு 175 கிலோமீட்டர் புயல் செவ்வாயில் யாரையும் சாய்க்காது. அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் அறுபதில் ஒரு பங்குதான். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்தப் புயல் பூமியில் 22 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் தள்ளுதலைத்தான் தரும். ஆசிரியரே இதை அறிந்தே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். செவ்வாயில் தனியே மாட்டிக்கொண்ட நாயகன் அந்த மண்ணில் உருளைக்கிழங்கு பயிரிடும் விவகாரம் எனக்கு இதைவிட முக்கியம். செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது. தைராய்டைப் பாதிக்கும் நஞ்சு அது. ஆனால் நீரில் எளிதாகக் கரையும், மண்ணைக் கழுவினால் போய்விடும். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைப் பிரித்து, கிடைக்கும் ஹைட்ரஜனை எரித்து நீர் உண்டாக்கும் அத்தியாயத்துக்கு அடுத்து, மண் கழுவும் ஓர் அத்தியாயமும் இருந்திருந்தால் நாவல் இன்னும் செறிவாகியிருக்கும். அபாயத்தோடு உண்டாக்கிய நீரில் எவ்வளவைக் கழுவுவதற்குச் செலவிடுவது என்பது நல்ல இக்கட்டு.

லியு சிஷினின் 'த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலில் நிலைமை வேறு. மூன்று சூரியன்கள் தாறுமாறாகச் சுற்றும் உலகம் என்பதே அதன் அடித்தளம், இடம் ஆல்ஃபா சென்டாரி. உண்மையில் அங்கே ஏ, பி என்ற இரண்டு விண்மீன்கள் ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று ஒழுங்காகச் சுற்றுகின்றன. மூன்றாவதான ப்ராக்ஸிமா, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல ஏறத்தாழ 13,000 மடங்கு தள்ளி இருக்கிறது. அவ்வளவு தொலைவிலிருந்து அது எந்தக் கோளின் நாட்காட்டியையும் கலைக்காது. நாவலில் வருவதுபோலப் பிணைந்த துகள்களை (எவ்வளவு தள்ளியிருந்தாலும் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் துகள் ஜோடிகளை) கொண்டு நொடியில் செய்தி அனுப்புவதும் முடியாது. ஒரு துகளை அளந்தால் வரும் விடையை நாம் தேர்ந்தெடுக்க முடியாதபோது அதில் செய்தியை எப்படி ஏற்றுவது?

எனக்கு அந்த நாவலில் பிடித்தது மூன்று கோடி வீரர்களைக் கொண்டு கணினி கட்டும் பகுதி. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு தர்க்க வாயில், அதாவது கணினியின் அடிப்படை உறுப்பு. முதல் இருவரும் கறுப்புக் கொடி தூக்கினால் மட்டும் மூன்றாமவர் கறுப்பைத் தூக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை. விதியை மாற்றினால் வேறொரு வாயில். கணினி எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்ன பாடநூல்கள் குறைவு. வாசிக்கும்போது இதை மேலும் நீட்டிப் பாருங்கள். 32 இலக்க இரும எண்கள் இரண்டைக் கூட்டும்போது, அடுத்த இலக்கத்துக்குக் கொண்டுபோகும் மீதி ஒவ்வோர் இலக்கமாக நகர வேண்டும், இலக்கத்துக்கு இரண்டு வாயில் வீதம் 64 படிகள். கொடி தூக்க ஒரு நொடி என்றால் ஒரே ஒரு கூட்டலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல். பத்து லட்சம் தடவையில் ஒரு தடவைதான் ஒரு வீரர் தவறுவார் என்றாலும், மூன்று கோடிப் பேரும் கொடி தூக்கும் ஒவ்வொரு நொடியிலும் முப்பது பிழைகள் விழும்.

நான்கில் முதலிடம் கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'அரோரா'வுக்கே (2015). ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கில், தலைமுறை தலைமுறையாகச் செல்லும் கப்பல். போகும் இடம் இதிலும் டௌ செட்டிதான். இங்கே எதிரி என்று யாரும் இல்லை. கப்பலில் பாஸ்பரஸ் குறைகிறது, அவ்வளவுதான். வெளியே எங்கும் போகவில்லை, இரும்போடும் அலுமினியத்தோடும் கால்சியத்தோடும் சேர்ந்து நீரில் கரையாத உப்பாக மண்ணில் இறுகிவிடுகிறது. கார்பனும் நைட்ரஜனும் வாயுவாகிக் காற்றின் வழி சுற்றி வரும், பாஸ்பரஸுக்கு அந்த வழி கிடையாது. பூமியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மலைகள் எழுந்து தேய்ந்து அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. கப்பலில் மலை ஏது? விளைச்சல் தளர்கிறது, யார் பிள்ளை பெறலாம் என்ற சண்டை வருகிறது. அரசியல் முழுவதும் ஒரு தனிமத்திலிருந்து முளைக்கிறது.

மிகைப்படுத்துகிறார் என்று நினைப்பவர்கள் பயோஸ்ஃபியர் 2 சோதனையைத் தேடிப் பார்க்கலாம். 1991-இல் அரிசோனாவில் மூடிய கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுகள் வாழப் போனார்கள். பதினாறு மாதத்தில் ஆக்சிஜன் 20.9 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டை நெருங்கிவிட்டது. வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு ஆக்சிஜனைத் தீர்த்தன. அதற்கீடாகக் கூடியிருக்க வேண்டிய கரியமில வாயுவையோ கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது, செடிகளுக்கு எட்டவில்லை. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. கான்கிரீட்டைப் பற்றி முன்கூட்டி யாரும் யோசிக்காததுதான் கோளாறு. அத்தகைய கோளாறுகளின் வரிசையே 'அரோரா'.

நிறுத்துவது இன்னொரு சிக்கல். அந்த வேகத்தில் கப்பலின் ஒவ்வொரு கிலோவிலும் நூறு கிலோடன் வெடிமருந்துக்கு மேலான இயக்க ஆற்றல் இருக்கிறது. அது முழுவதையும் எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். பிற்பகுதியில், பூமியை நோக்கித் திரும்பி வரும் கப்பல் சூரியனையும் கோள்களையும் உரசி உரசி வேகத்தைக் கழிக்கும் பக்கங்களை மூச்சுப் பிடித்துத்தான் வாசிக்க முடிகிறது.

குறையும் உண்டு. முதல் நூறு பக்கங்களில் மனிதர்கள் மங்கலாகவே தெரிகிறார்கள், பொறியாளர் தேவி ஒருத்தியைத் தவிர. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பயணத்தைக் கதையாகச் சொல் என்று தேவி கப்பலின் கணினிக்கு ஆணையிடுகிறாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியாமல் அது திணறித் திணறிக் கற்றுக்கொள்கிறது. அந்த மங்கல் அதன் திணறலிலிருந்து வருவது. அது கதை சொல்லத் தேறும்போது, அருகில் இருக்கும் மனிதர்களும் ஒவ்வொருவராகத் துலங்கத் தொடங்குகிறார்கள்.