லோங்காங் (வடிகால்) தண்ணீரை மட்டும் சோதித்துப் பயனில்லை

கங்கோங் கீரையை உப்பு நீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் நச்செல்லாம் போய்விடும் என்று பகிர்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள். கழுவினால் மண் போகும், சாலைப் புழுதியோடு இலைமேல் படிந்த காரீயம் பெருமளவு போகும். (ஈயம் என்றதும் நம் ஊரில் லம்பத்து, அதாவது ஈயச் சுரங்கத்து, வெள்ளீயம்தான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல.) வேர்வழியே இலைக்குள் ஏறிவிட்ட காட்மியம் என்ற நச்சு உலோகத்தை உப்பும் வினிகரும் ஒன்றும் செய்யாது. அடுப்புச் சூட்டில் அழிகிற பொருளும் அல்ல அது.

கோலாலம்பூரைச் சுற்றி மின்கோபுரங்களின் அடியிலும் ஆற்றோரத்திலும் கீரை போடுகிறார்கள். பக்கத்து லோங்காங்கில் பம்பை இறக்கிப் பாய்ச்சுகிறவர்களும் உண்டு. அவர்களைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். மலேசியாவின் 2009-ஆம் ஆண்டுத் தொழிற்கழிவுநீர் விதிமுறைகளின் 'பி' தரம் (இரண்டு தரங்களில் தளர்வானது) லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் காட்மியத்தை அனுமதிக்கிறது. பாசன நீருக்கு ஐநா உணவு வேளாண் நிறுவனம் பரிந்துரைக்கும் உச்சம் 0.01. சட்டத்தை இம்மியும் மீறாத ஆலைநீர்கூட, வேறு நீரோடு கலக்கும் முன், பாசன வரம்பைப்போல் இரு மடங்காக இருக்கலாம்.

அந்த 0.01-ஐயே எடுத்துக்கொள்வோம். எக்டேருக்கு ஆண்டுக்கு 10,000 கன மீட்டர் பாய்ச்சினால் 100 கிராம் காட்மியம் இறங்குகிறது. மேல்மண் 15 செ.மீ. சுமார் 2,000 டன். ஆகவே மண்ணில் ஆண்டுக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் ஏறும். கொஞ்சம்தான். ஆனால் காட்மியம் மக்கிப் போவதில்லை. இருபது ஆண்டில் அது 1 மில்லிகிராமை நெருங்கும்.

அதனால்தான் ஒரு புட்டித் தண்ணீரைப் பிடித்துச் சோதித்து "சுத்தம்" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. உலோகம் பெரும்பாலும் சேற்றுத் துகளோடு ஒட்டிக்கொண்டு மழை வெள்ளத்தில் வரும். வெயில் நாளில் எடுத்த தெளிந்த நீரில் அது தெரியாது. மண் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும்.

சோதிப்பதென்றால், பாத்தி முழுக்க வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடங்களில், 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைப் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். துத்தநாகம் பூசிய கரண்டி வேண்டாம். அந்தப் பூச்சே முடிவைக் கெடுக்கும். கூடவே, சமையலுக்குக் கழுவுவதுபோல் கழுவிய கீரை ஒரு கிலோ. 'சாம்' (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள். அறிக்கை வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: இது ஈர எடையா, உலர் எடையா? கீரையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். உலர் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது ஈர எடையில் 0.2. கீரைக்கு கோடெக்ஸ் (சர்வதேச உணவுத் தர அமைப்பு) வரம்பு காட்மியம் 0.2, காரீயம் 0.3, இரண்டும் ஈர எடையில்தான். இதைக் குழப்பிக்கொண்டு அலறும் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை.

நம் மண் இயல்பிலேயே புளிப்பு. பி.எச். (புளிப்பளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இறங்கினால் காட்மியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்புக்கல் தூளைச் சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தூவி, கிளறி, மூன்று வாரம் கழித்து மீண்டும் அளந்து, 6.5 வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அமோனியம் சல்பேட் உரம் அதைத் திரும்ப இறக்கிவிடும். பொட்டாசியம் குளோரைடும் ஆகாது, குளோரைடு காட்மியத்தைப் பிடித்து வேர்வரை கொண்டுபோய் விடும். பழைய லம்பத்து மணலென்றால் அவசரப்படாதீர்கள். அங்கே ஆர்சனிக் இருக்கலாம், பி.எச். ஏற ஏற அது இளகும். முதலில் அதைச் சோதியுங்கள்.

மண் சரியாகும்வரை கீரை வேண்டாம். மழைநீரைத் தொட்டியில் பிடித்துப் பயற்றங்காய், பீர்க்கங்காய், பாகற்காய் போடலாம். இவற்றின் காய்க்குள் காட்மியம் இலையளவுக்குச் சேர்வதில்லை. கத்தரி அப்படியல்ல, காய்க்குள்ளும் கூடுதலாக இழுக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டியதை நடுங்கள். ஜப்பானில் அப்படி வளர்த்துப் பார்த்ததில் காயில் காட்மியம் வெகுவாகக் குறைந்தது. சுண்டை வேர் அதை மேலே எளிதில் விடுவதில்லை.