அக்டோபர் வந்தாலே இரட்டை வயிற்றெரிச்சல்

அக்டோபர் வந்தால் எனக்குத் தூக்கம் போச்சு. கையில் ஒரு வீட்டுக்கடன் காப்பீட்டு நிறுவனத்தின் பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டால், பொதுவாக இந்தக் காப்பீடு தலையில் விழும். பிரீமியம் கட்டுவது வீடு வாங்குபவர், அவர் தவணை கட்டாமல் போனால் பாதுகாப்பு வங்கிக்கு! அருமையான தொழில் என்று நினைத்துத்தான் வாங்கித் தொலைத்தேன்.

நேற்று நாலு மணிக்குச் சந்தை மூடியதும் மூன்றாம் காலாண்டு முடிவு வந்தது. லாபம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல்தான். ஆனால் தவணை தவறியவர்கள் எண்ணிக்கை லேசாக ஏறியிருக்கிறதாம். அவ்வளவுதான், 2008 வீட்டுக்கடன் நெருக்கடி ஞாபகம் வந்து எல்லோரும் விற்க ஓடுகிறார்கள். வட்டி ஏறினால் புதுக் கடன் குறையும் என்று விற்பார்கள். இறங்கினால் பழைய கடனை அடைத்துவிட்டு வேறு கடனுக்கு மாறுவார்கள், பிரீமியம் நின்றுபோகும் என்று விற்பார்கள். என்னதான் வேண்டும் இவர்களுக்கு?

சரி, பேஸ்பால் பிளேஆஃப் மேட்சாவது பார்க்கலாம் என்று எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். நன்றாக வீசிக்கொண்டிருந்த பிட்சரை ஐந்தாம் இன்னிங்ஸிலேயே வெளியே எடுத்தார் மேனேஜர். கேட்டால் புள்ளிவிவரம் அப்படிச் சொல்கிறதாம். புதிதாக வந்தவன் தப்புத் தப்பாக வீசி முதல் இரண்டு பேரை அடிக்காமலே சும்மா பேஸுக்கு நடக்கவிட்டான். மூன்றாமவன் பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பினான். மேட்ச் முடியும்போது மணி பன்னிரண்டு.

காலையில் பக்கத்து மேசைக்காரர் ஆறுதல் சொல்கிறார். 2004 பிளேஆஃபில் ரெட் சாக்ஸ் அணி தொடரின் முதல் மூன்று மேட்சிலும் தோற்று 0-3 என்று பின்தங்கியும் யாங்கீஸ் அணியை வென்றதாம், பொறுமை வேண்டுமாம். அப்புறம்தான் தெரிந்தது, மனுஷன் அந்தப் பங்கைப் போன வாரமே விற்றுவிட்டார்.