பேருந்து வந்தது, வழித்தடம் போனது
பொருளாதார வீழ்ச்சியைச் சமாளிக்க அமெரிக்க அரசு 2009-இல் கொடுத்த ஊக்க நிதிதான் அந்நாட்டு நகரங்களின் பொதுப் போக்குவரத்தைக் காப்பாற்றியது என்று இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பொதுப் போக்குவரத்துக்கு அதில் 840 கோடி டாலர் ஒதுக்கியது உண்மை. ஆனால் அது பேருந்து வாங்க, பணிமனை கட்ட. ஓட்டுநர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் முதலில் தொடவே முடியாது. அந்த ஜூனில்தான் இந்தச் செலவுகளுக்கு 10 சதவீதம் வரை எடுக்க அனுமதித்தார்கள். அப்போது நான் இருந்த ஊருக்குப் புதுப் பேருந்துகள் வந்தன, எங்கள் வழித்தடத்தையோ நிறுத்திவிட்டார்கள். இரவு வேலை முடிந்து பனியில் நாற்பது நிமிடம் நடந்திருக்கிறேன், கோபம் இன்னும் ஆறவில்லை. மேலே கருத்துகளில் ஒருவர் 'சாலைகளாவது சரியாயின' என்கிறார். அதே நிதியின் நெடுஞ்சாலைப் பணத்தில் பாதியை 120 நாளுக்குள் திட்டங்களுக்கு உறுதிசெய்யாத மாநிலம், உறுதிசெய்யாமல் விட்டதை இழக்கும் என்று கெடு இருந்தது. அதனால்தான் அவ்வளவு பணம் பழைய சாலைக்கு மேல் தார் போடுவதிலேயே போனது. அதற்குத்தான் திட்டம் கையில் தயாராக இருந்தது.