கேட்க வேண்டியதைக் கேட்காத லீக், தண்டித்தது ரசிகனை

இங்கிலாந்தின் பெரி (Bury) என்ற ஊரின் கால்பந்து கிளப் கடன் வாங்கித் தானே அழிந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடன் இருந்தது, சரி. அது தலைக்கு மேல் ஏறும்வரை, அந்நாட்டின் இரண்டாம் அடுக்கு முதல் நான்காம் அடுக்கு வரையிலான போட்டிகளை நடத்தும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீக் எங்கே போயிருந்தது?

1885இல் தொடங்கிய கிளப் அது. 1903 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் டெர்பி கவுண்டியை 6-0 என்று நொறுக்கியது. ஸ்டூவர்ட் டே உரிமையாளராக இருந்த காலத்தில் கிளப்பின் சொந்த மைதானமான கிக் லேனையே அடமானம் வைத்தார்கள். 2018 டிசம்பரில் வெறும் ஒரு பவுண்டுக்கு ஸ்டீவ் டேல் கைக்குப் போனது. பெரியில் ஒரு கால்பந்து அணி இருப்பதே எனக்குத் தெரியாது என்று பிற்பாடு ரேடியோவில் சொன்ன மனிதர்! கிளப்பை நடத்த அவரிடம் பணம் இருக்கிறதா என்பதற்கான ஆதாரம் விற்பனை முடிவதற்குமுன் லீக்கின் கையில் இல்லை. வாடகைக்கு வீடு விடுகிறவர்கூட அட்வான்ஸை வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுப்பார். நூறாண்டு தாண்டிய ஒரு கிளப்புக்கு அந்த அக்கறைகூடக் கிடையாதா?

சம்பள பாக்கியோடு விளையாடித்தான் வீரர்கள் அந்த சீசனில் மூன்றாவது அடுக்கான 'லீக் ஒன்'னுக்கு அணியை உயர்த்தினார்கள். சம்பளம் வராதவன் காட்டிய பொறுப்பில் பாதியையாவது மேலே உட்கார்ந்திருந்தவர்கள் காட்டியிருக்கலாம்.

அப்புறம் 2019 ஆகஸ்ட் 27. கிளப்பை வேறொரு நிறுவனம் வாங்கப்போகிறது என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக மைதானத்துக்கு வந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்காக இருக்கைகளைத் துடைத்தார்கள், குப்பையைப் பெருக்கினார்கள். ஒரு பைசா கூலி இல்லை. சில நாள் முன்னால்தான் முன்னாள் இயக்குநர் ஒருவர் அங்கே குழாயோடு தன்னை விலங்கிட்டுக்கொண்டு போராடியிருந்தார். லீக் வைத்திருந்த கெடு முடியச் சற்று முன் அந்த நிறுவனம் பின்வாங்கியது. அன்று இரவே லீக் கிளப்பை வெளியேற்றிவிட்டது.

வெளியேற்ற அதிகாரம் இருந்ததல்லவா? அதே அதிகாரத்தை வைத்து விற்பனைக்கு முன்னால், "பணத்தைக் காட்டு" என்று கேட்டிருக்க முடியாதா? விதியில் இடமில்லை என்றால் விதியை எழுதியது யார்? கிளப்புகளே கூடி ஓட்டுப்போட்டு எழுதிக்கொள்கிற விதிகள்தானே! உரிமையாளர்களைக் கண்காணிக்கும் விதியை உரிமையாளர்களே எழுதினால் இப்படித்தான் முடியும்.

கால்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும் சட்டம் 2025 ஜூலையில்தான் வந்தது. வரட்டும், வேண்டியதுதான். ஆனால் பெரிக்கு அது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ரசிகர்கள் தாங்களாகக் கூடி 2023இல் கிக் லேனுக்குத் திரும்பக் கால்பந்தைக் கொண்டுவந்தார்கள், ஒன்பதாவது அடுக்கில். லீக்கின் கடைசிப் படி நான்காவது அடுக்கு. நடுவில் ஐந்து பதவி உயர்வு. கேட்க வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்காதவர்களால் இழந்த இடத்தை, அதற்குத் துளியும் காரணமில்லாதவர்கள் ஐந்து முறை ஜெயித்துத் திரும்ப வாங்க வேண்டுமாம்!