பேரப்பிள்ளையைப் பார்க்க யாருக்கு உரிமை?

"என் பேரனைப் பார்க்க எனக்கு உரிமை இல்லையா?" இந்தக் கேள்வியோடு நீதிமன்றத்துக்குப் போகிறவர்களின் வழக்கு அங்கேயே வலுவிழக்கிறது. நீதிபதி பார்ப்பது வேறு: இந்த உறவு அறுந்தால் குழந்தைக்கு என்ன இழப்பு?

பிரான்ஸின் சிவில் சட்டம், பிரிவு 371-4, உரிமையைக் குழந்தையின் கையில் கொடுக்கிறது. தாத்தா பாட்டியோடு உறவாடுவது குழந்தையின் உரிமை. அதைத் தடுக்கக் குழந்தையின் நலன் ஒன்றே காரணமாகலாம். சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் மனுப் போடுவதற்கே பொதுவாக முதலில் நீதிமன்ற அனுமதி வேண்டும். அமெரிக்காவில் 2000-ல் வந்த ட்ராக்ஸல் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, தகுதியுள்ள பெற்றோர் எடுத்த முடிவுக்கு நீதிமன்றம் தனி மதிப்புத் தந்தாக வேண்டும். இந்தியாவிலோ 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவே கிடையாது. குழந்தை நலன் என்ற ஒரே வாசல்தான்.

அதனால் மனுவில் பாசத்தை எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள், பழக்கத்தை எழுதுங்கள். எத்தனை வயதுவரை குழந்தை உங்களோடு இருந்தது, வாரத்தில் எந்த நாள் பள்ளியிலிருந்து அழைத்து வந்தீர்கள், காய்ச்சலில் மருத்துவரிடம் கூட்டிப்போனது யார், கடைசியாகப் பார்த்தது எந்தத் தேதி. தேதியுள்ள படம், செய்தி, மருந்துச் சீட்டு இருந்தால் சேருங்கள்.

கேட்பதும் அளவாக இருக்கட்டும். குழந்தையைத் தன்னிடமே வைத்து வளர்க்கும் காவல் வேறு, பார்த்துப் பழகும் சந்திப்பு வேறு. மாதம் இரண்டு முறை, இரண்டு மணி நேரம், இன்ன இடத்தில், வாரம் ஒரு காணொலி அழைப்பு என்று கேட்டால் நீதிபதியால் அப்படியே உத்தரவாக எழுத முடியும். "விரும்பும்போதெல்லாம்" என்று கேட்டால் முடியாது.

மருமகளையோ மருமகனையோ மனுவில் திட்டித் தீர்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. பெரியவர்களின் சண்டைக்கு நடுவே குழந்தை நசுங்கும் என்று நீதிமன்றம் கருதினால், அந்தச் சண்டையே சந்திப்பை மறுக்கக் காரணமாகிவிடும். சொல்லாமல் பள்ளி வாசலில் போய் நிற்பதும் இப்படித்தான் திரும்பி அடிக்கும்.

வழக்குக்கு முன் சமரச மையத்தை முயன்று பாருங்கள். ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். சிறு குழந்தைக்கு ஓராண்டு இடைவெளி என்பது முகமே மறந்துபோகும் காலம். மனுவோடு, வழக்கு முடியும்வரை குழந்தையைப் பார்க்க இடைக்கால உத்தரவும் சேர்த்தே கேளுங்கள்.